டிரவுட் மீனுக்கு எந்த இரை?

ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நேற்றுக் காலை இதே இடத்தில், ஒரு வெள்ளித் தகட்டைப் பொய்யிரையாகக் கொண்டு, அரை மணி நேரத்தில் மூன்று மீன்களைப் பிடித்தார். இன்று இரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளித் தகட்டைக் கழற்றிவிட்டுப் பொன்னிறத் தகட்டை மாட்டுகிறார். அதையும் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டுகிறார். பெட்டியிலிருந்த இரைகளெல்லாம் தீர்ந்துபோகின்றன. "இன்று நமக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

சரியில்லாதது நேரமா? நேற்றிரவு மலையில் மழை பெய்திருக்கிறது. ஆற்றில் நீர் சற்றுக் கலங்கியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, வெப்பநிலையும் மாறியிருக்கிறது. ஆறு மாறியவுடன் மீன் தன் இருப்பிடத்தையும் இரை தேடும் முறையையும் மாற்றிக்கொண்டுவிட்டது. நம் நண்பரும் இரையை மாற்றிக்கொண்டேதான் இருந்தார். ஆனால், ஆற்றைப் பார்த்து மாற்றவில்லை. பெட்டியைப் பார்த்து மாற்றினார்!

டிரவுட் என்பது சால்மன் மீனின் உறவினம். குளிர்ந்த, தெளிந்த, விரைந்தோடும் ஆறுகளே இதன் இருப்பிடம். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவையும், வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் பகுதியையும் தாயகமாகக் கொண்டவை. மேலை நாடுகளில் இம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது நெடுங்காலமாக ஒரு கலையாகப் போற்றப்படுகிறது. அக்கலையின் நுட்பங்கள் பலவும் பள்ளிப் பாடநூலில் நாம் படிக்கும் இயற்பியலே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மீன் எங்கே நிற்கிறது?

ஆற்றின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. மேற்பரப்பை ஒட்டி நீர் விரைந்து ஓடுகிறது. அடித்தளத்தில் கல்லோடும் மணலோடும் உராய்வதால் வேகம் குறைகிறது. ஒரு பாறையின் முன்னும் பின்னும், குழிவான கரையின் அடியிலும் நீர் ஏறக்குறையத் தேங்கி நிற்பதுண்டு.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். அதற்கு வேண்டிய பூச்சிகளையும் புழுக்களையும் ஆறே அடித்துக்கொண்டு வருகிறது. ஆனால், ஓடும் நீரில் நிலைத்து நிற்க ஆற்றல் செலவாகுமே! நீரின் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதை எதிர்த்து நீந்தத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதாவது, நீரின் வேகம் பாதியாக உள்ள இடத்திற்கு மீன் நகர்ந்துவிட்டால் செலவு எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே, வேகமான நீருக்கு அருகிலேயே உள்ள மெதுவான நீரில் மீன் நிற்கிறது. பக்கத்து ஓட்டத்தில் உணவு வரும்போது சட்டென்று பாய்ந்து கவ்விவிட்டுத் திரும்பிவிடுகிறது. வரவுக்கு மேல் செலவு செய்யாத நல்ல குடித்தனக்காரர் அது!

ஆகவே, மழைக்குப்பின் ஆறு வேகமாக ஓடினால் ஆற்றின் நடுவில் தேடிப் பயனில்லை. கரையோரத்தையும், பாறையின் மறைவையும், இரண்டு ஓட்டங்கள் கூடும் எல்லையையும் தேட வேண்டும்.

மீனின் சாளரம்

நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் என்ன தெரியும்? நீரின் ஒளிவிலகல் எண் 1.33. இதிலிருந்து மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 பாகை என்று கணக்கிடலாம். ஆகவே, வெளியுலகம் முழுவதும் மீனுக்கு ஏறத்தாழ 97 பாகைக் கோணமுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கித் தெரிகிறது. அதன் தலைக்கு மேலே வட்டமான ஒரு சாளரம் திறந்திருப்பதாகக் கொள்ளலாம். அவ்வட்டத்திற்கு வெளியே முழு அக எதிரொளிப்பினால் நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடியாகி, ஆற்றின் அடித்தளத்தையே காட்டுகிறது.

சாளரத்தின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல் 2.27 மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சாளரத்தின் விட்டம் 68 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் ஆழத்திலுள்ள மீனுக்கோ 2.27 மீட்டர். மேற்பரப்பை ஒட்டி நிற்கும் மீனுக்கு இரையைக் காட்ட வேண்டுமானால் மிகத் துல்லியமாக எறிய வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

சாளரத்தின் ஓரத்தில் வேறொரு விந்தையும் நிகழ்கிறது. நீர்மட்டத்திலிருந்து 10 பாகை உயரம் வரை உள்ள பொருள்களெல்லாம், மீனின் கண்ணுக்குச் சாளர விளிம்பில் சுமார் ஒரு பாகைக்குள் நசுங்கித் தெரிகின்றன. அத்துடன், அவ்வளவு சாய்வாக வரும் ஒளியில் பெரும்பகுதி நீரினுள் புகாமல் எதிரொளிக்கப்பட்டுவிடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: மீனுக்கு 10 மீட்டர் தொலைவில் 10 பாகை என்பது ஏறத்தாழ 1.76 மீட்டர் உயரம். அதாவது, ஓர் ஆள் உயரம். 5 மீட்டர் தொலைவிலோ 88 சென்டிமீட்டர்தான். எனவே, தொலைவில் நிற்பவர் நிமிர்ந்து நிற்கலாம். அருகில் வருபவர் குனிந்தே ஆக வேண்டும். டிரவுட் பிடிப்பவர்கள் கரையில் முழந்தாளிட்டு நகர்வதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஸ்னெல் விதி தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்!

துப்பாக்கிக்கு அஞ்சாத மீன்

இந்த ஒளியியலை மீன்பிடிப்போருக்கு விளக்கப்படங்களுடன் எடுத்துக்கூறியவர் ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1816ஆம் ஆண்டிலேயே மின்தந்தி அமைத்துக் காட்டிய ஃபிரான்சிஸ் ரொனால்ட்சின் தம்பி இவர். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியில் பிளைத் என்ற சிற்றாற்றின்மீது ஒரு சிறு குடில் கட்டி, அதனுள் மறைந்திருந்து டிரவுட் மீன்களை உற்று நோக்கினார். அதன் பயனாக 1836ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல், ஆற்றுப் பூச்சிகளையும் அவற்றைப் போலச் செய்யும் பொய் ஈக்களையும் முறைப்படி ஒப்பிட்டுக் காட்டியது.

மீனுக்குப் பேச்சொலி கேட்குமா என்று அறிய விரும்பிய அவர், ஒரு மீனைக் கவனித்துக்கொண்டே அருகில் ஒருவரைத் துப்பாக்கியால் சுடச் சொன்னார். மீன் சற்றும் கலங்கவில்லை! காரணம் என்ன? காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்குதான் நீரினுள் புகுகிறது. எஞ்சியது நீர்ப்பரப்பில் எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. ஆனால், கரையில் நீங்கள் தொப்பென்று கால் வைத்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேரே நீருக்குப் போய்விடும். எனவே, ஆற்றங்கரையில் நண்பரோடு பேசலாம், ஓடத்தான் கூடாது.

மீனின் உடலின் இருபுறமும் தலையிலிருந்து வால்வரை 'பக்கக்கோடு' என்னும் உணர்வுறுப்பு உள்ளது. அருகில் நீர் அசைந்தால், சில அதிர்வெண் முதல் இருநூறு அதிர்வெண் வரையிலான மெதுவான அதிர்வுகளை அது உணரும். தொலைவிலிருப்பதை இதனால் அறிய முடியாது. மீனின் உடல் நீளத்தைப் போல் ஓரிரு மடங்குத் தொலைவுக்குள்தான் இது நன்கு பயன்படும். இருளிலும் கலங்கலிலும் இதுவே மீனின் விரல் நுனி.

நிறங்களும் கலங்கலும்

கடைகளில் வானவில்லின் எல்லா நிறங்களிலும் பொய்யிரைகள் விற்கிறார்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறம், நீரினுள்ளும் அவ்வாறே தெரியும் என்பதற்கு உறுதியில்லை. தூய நீர், கருஞ்சிவப்பு ஒளியில் ஏறத்தாழப் பாதியை ஒரு மீட்டருக்குள் உறிஞ்சிவிடுகிறது. நீல ஒளியிலோ அதே தொலைவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் குறைவதில்லை. ஆகவே, ஆழமான தெளிந்த மடுவில் சிவப்புத் தகடு மங்கிக் கருமையாகிவிடும்.

ஆனால், எல்லா ஆறும் தூய நீர் அன்று. இலைகளும் சதுப்பு மண்ணும் ஊறித் தேயிலைச் சாறுபோல் பழுப்பாக ஓடும் ஆறுகளில், கரைந்துள்ள பொருள்கள் நீல ஒளியைத்தான் முதலில் உறிஞ்சுகின்றன. எஞ்சுவது மஞ்சளும் செம்மஞ்சளும். அங்கே செம்பு நிறமும் பொன்னிறமும் நன்கு ஒளிரும். வெள்ளியும் நீலமும் எடுபடா.

வண்டல் கலந்த நீரில் நிலைமை வேறு. மிதக்கும் துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், பனிமூட்டத்தில் வண்டியின் நிறம் தெரியாததுபோல் இரையின் நிறமும் தெரிவதில்லை. வெளிர்ந்த பின்னணியில் கருமையான, சற்றுப் பெரிய உருவமே புலப்படும். அத்துடன் நீரை அதிரச் செய்யும் இரையாக இருந்தால் பக்கக்கோடும் அதை உணர்ந்துகொள்ளும். மாறாக, கண்ணாடிபோல் தெளிந்த ஆழமற்ற நீரில் இரை சிறியதாகவும், நைலான் நரம்பு மெல்லியதாகவும், நிறம் அடக்கமாகவும் இருக்க வேண்டும். அங்கே மின்னும் பெரிய தகடு மீனை அழைப்பதற்குப் பதில் விரட்டிவிடும்.

மிதப்பதா, அமிழ்வதா?

இறகையும் நூலையும் கொண்டு முள்ளின்மேல் கட்டப்படும் பொய் ஈக்கள் இருவகை. ஒன்று, நீரின் பரப்பு இழுவிசையினால் மேலே மிதப்பது. மற்றொன்று, இன்னும் சிறகு முளைக்காத இளம்பூச்சியைப் போல நீருக்குள் அமிழ்வது. இவற்றுள் எது சிறந்தது என்று இங்கிலாந்தில் ஒரு பெரும் வழக்கே நடந்தது. மிதக்கும் ஈயே முறையானது என்று ஃபிரெடெரிக் ஹால்ஃபர்டு 1886, 1889ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களால் நிலைநாட்டினார். இட்சென் ஆற்றில் பல்லாண்டுகள் மீன்பிடித்த ஜி. இ. எம். ஸ்கூஸ் என்னும் வழக்கறிஞரோ, மீன்கள் நீருக்குள்ளேயே இளம்பூச்சிகளைத் தின்பதைக் கண்டு, அமிழும் ஈயை ஆதரித்து 1910ஆம் ஆண்டில் நூல் எழுதினார். 1938ஆம் ஆண்டில்கூட இலண்டனில் இதுபற்றி ஒரு விவாதம் நடைபெற்றது!

வழக்கின் தீர்ப்பை மீனிடமே கேட்கலாம். மீன் இரையெடுத்தபின் நீர்ப்பரப்பில் ஒரு குமிழி மிதந்தால், அது மேலிருந்த பூச்சியைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. மிதக்கும் ஈயைப் பயன்படுத்தலாம். குமிழியின்றி நீர் மட்டும் புடைத்து அடங்கினால், அது பரப்பிற்குக் கீழே உண்கிறது. அமிழும் ஈ வேண்டும்.

மிதக்கும் ஈயில் ஒரு சிக்கல் உண்டு. ஈ மெதுவான நீரிலும், அதைப் பிடித்திருக்கும் கயிறு வேகமான நீரிலும் இருந்தால், கயிறு முந்திச் சென்று ஈயை இழுத்துவிடும். உண்மையான பூச்சி ஆற்றின் வேகத்திலேயே மிதந்து வரும். கோடு கிழித்துக்கொண்டு ஓடாது. இதைத் தவிர்க்க, கயிறு நீரில் விழுந்தவுடன் அதன் நடுப்பகுதியை நீரோட்டத்திற்கு எதிர்ப்புறமாக வளைத்துப் போடுவார்கள். அந்த வளைவு நிமிர்வதற்கு ஆகும் சில நொடிகளில் ஈ சுதந்திரமாக மிதக்கும்.

அமிழும் ஈக்கு வேண்டியது எடை. வில்ட்ஷயர் பகுதியின் ஏவன் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயர், நூலுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியாலேயே தம் ஈக்களைக் கட்டினார். இன்று டங்ஸ்டன் மணியைக் கோக்கிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. ஒரே பருமனுள்ள மணிகளில், நீருக்குள் டங்ஸ்டனின் எடை ஈயத்தைவிட 1.8 மடங்கு மிகுதி. மூழ்கும் வேகம் அதன் வர்க்கமூலத்தின்படி மூன்றில் ஒரு பங்கு கூடும்.

ஓர் எளிய கணக்கு: ஆற்றின் ஆழம் 1 மீட்டர், ஓட்டம் நொடிக்கு 60 சென்டிமீட்டர், இரை நொடிக்கு 20 சென்டிமீட்டர் மூழ்குகிறது. அடித்தளத்தை அடைய 5 நொடி ஆகும். அதற்குள் ஆறு அதனை 3 மீட்டர் கொண்டுபோய்விடும். ஆகவே, மீன் நிற்கும் இடத்திற்கு 3 மீட்டர் மேலே எறிய வேண்டும். மழைக்குப்பின் ஓட்டம் 120 சென்டிமீட்டரானால் 6 மீட்டர் மேலே எறிய வேண்டும். அல்லது கனமான இரையை மாட்ட வேண்டும். மீன் கடிக்காமைக்கு நிறமே காரணம் என்று எண்ணும் பலருக்கு, இரை மீனின் தலைக்கு மேலேயே போய்விட்டது என்பதுதான் உண்மையான காரணம்.

சுழலும் தகடு

'ஸ்பின்னர்' என்பது ஒரு கம்பியைச் சுற்றிச் சுழலும் சிறு உலோகத் தகடு. 'ஸ்பூன்' என்பது கரண்டிக் குழிபோல் வளைந்து, இருபுறமும் ஆடிக்கொண்டு வரும் தகடு. இவ்வகை இரைக்கு ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் 1852ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சிறு மீன் நீந்துவதுபோன்ற பளபளப்பையும் அதிர்வையும் இவை உண்டாக்குகின்றன.

தகடு சுழல்வதற்கு நீரைச் சார்ந்த வேகம் வேண்டும். நொடிக்கு 30 சென்டிமீட்டர் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. இரையைக் கீழ்ப்புறம் எறிந்து அசையாமல் பிடித்துக்கொண்டாலே தகடு சுழலும். வேகமாக இழுப்பது வீண். மேற்புறம் எறிந்தாலோ, உருளையை நொடிக்கு 80 சென்டிமீட்டர் சுற்றினால்தான் நீரைச் சார்ந்து 30 சென்டிமீட்டர் கிடைக்கும். 50 மட்டும் சுற்றினால் தகடு உயிரற்ற சருகாக ஆற்றோடு வந்துசேரும். சார்பு வேகம் என்னும் பாடத்தில் வரும் படகுக் கணக்கு இதுவேயல்லவா?

வெப்பமானி சொல்வது என்ன?

இதுவரை கூறியவை எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது வெப்பநிலை. மீன் குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பநிலையே அதன் உடலின் வெப்பநிலை. 5 டிகிரி செல்சியஸ் நீரில் அதன் உடலியக்கம் மந்தமாகிவிடும். அப்போது அது இரையைத் துரத்தாது. இரை ஆழத்தில், மெதுவாக, அதன் வாயருகே வர வேண்டும். 10 முதல் 16 டிகிரி வரை அதற்கு நல்ல பசி. வேகமாகச் செல்லும் இரையையும் துரத்திப் பிடிக்கும். இன்னும் வெப்பம் ஏறினால், வெள்ளை நுரையோடு காற்றைக் கலந்துகொண்டு பாயும் நீருக்கும், ஊற்று வந்து சேரும் இடங்களுக்கும் அது நகர்ந்துவிடும்.

ஏன்? கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் ஒரு லிட்டரில் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க வல்லது. 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு வரவு குறைந்துவிட்டது. ஆனால், அதே 10 டிகிரி ஏற்றத்தில் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இருமடங்காகிறது. மலைப் பகுதிகளில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், கரையும் ஆக்சிஜன் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இந்நிலையில் தூண்டிலில் சிக்கிய மீன் உயிர்ப் போராட்டம் நடத்துகிறது. தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. "பிடித்தேன், படம் எடுத்தேன், திரும்ப விட்டுவிட்டேன்" என்று நாம் பெருமையுடன் சொல்கிறோம். மீனும் நீந்திச் செல்கிறது. ஆனால், மூச்சு வாங்கப் போதிய ஆக்சிஜன் இல்லாத வெந்நீரில், நம் கண்ணுக்குப் படாத இடத்தில் அது இறந்துபோகக்கூடும். ஆகவே, நீரின் வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் இரையை மாற்றிப் பயனில்லை; தூண்டிலைச் சுருட்டுவதே முறை. குளிர்ந்த நாள்களிலும், விட்டுவிடப் போகும் மீனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்துவதும், கையை நனைத்துக்கொண்டு மீனை நீருக்குள்ளேயே வைத்து விடுவிப்பதும் நல்லது.

நம் மலைகளில்

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. 1860களில் டாக்டர் ஃபிரான்சிஸ் டே இதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று வெற்றி பெறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, வானவில் டிரவுட் அங்குள்ள ஓடைகளில் நிலைபெற்றது. சமவெளியின் காவிரியிலோ வைகையிலோ இது வாழாமைக்கும், 2000 மீட்டர் உயரத்தில் வாழ்வதற்கும் காரணத்தை மேலே கண்ட ஆக்சிஜன் கணக்கே சொல்லிவிடும்.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டும் உள்ளன. புதிய ஓடையில் விடப்பட்டால், அங்குள்ள சிறு மீன்களையும் தவளைகளையும் இவை தின்று குறைத்துவிடும். எனவே, ஓர் ஓடையின் மீனை மற்றோர் ஓடைக்கு எடுத்துச் செல்வது விளையாட்டன்று, தீங்கு.

அடுத்த முறை

மாணவ நண்பர்களே, நீங்கள் தூண்டில் பிடிக்காவிட்டாலும் ஓர் ஓடையருகே செல்லும் வாய்ப்பு வரும். அப்போது ஒரு வெப்பமானியை நூலில் கட்டி நீரில் விட்டுப் பாருங்கள். ஒரு சருகை மிதக்கவிட்டு, 3 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளவிடுங்கள். வெப்பம், வேகம், தெளிவு ஆகிய இம்மூன்றும் தெரிந்துவிட்டால், அங்கே ஒரு டிரவுட் இருந்தால் எங்கே நிற்கும், எதைக் காணும், எதற்கு வாய் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

முதலில் கண்ட அந்த நண்பரின் பெட்டியில் இருபது வகை இரைகள் இருந்தன. ஒரு வெப்பமானி இல்லை. இருந்திருந்தால், எந்த இரையை மாட்டுவது என்று அது அவருக்கு உணர்த்தியிருக்கும். சில நாள்களில், எதையும் மாட்டாமல் வீட்டுக்குப் போ என்றும் சொல்லியிருக்கும்.